குற்றமற்றோரின் கல்வி: கனேடிய யுனிற்றேரியன் சபைகளிற் குடும்பவழிக் கற்றலும் நல்லிணக்கமும்

நல்லிணக்கம் என்னும் சொல் ஈழத்துத் தமிழ் வாசகருக்குப் புதியதன்று. 2010ஆம் ஆண்டில் இலங்கையில் நியமிக்கப்பெற்ற ஆணைக்குழுவொன்றின் பெயரிலேயே அது இடம்பெற்றது. அதன் பின்னர் அறிக்கைகளிலும் சுற்றுநிருபங்களிலும் ஓயாது பயின்று, கைபட்டுத் தேய்ந்த நாணயம் போலாகிவிட்டது. ஆங்கிலத்தில் இதற்கு நிகராக வழங்கும் சொல், முன்னர் ஒன்றாயிருந்து பின்னர் பிரிந்தோர் மீண்டும் இணைதல் என்ற பொருளை உட்கொண்டதாகும். கனடாவிற் சுதேச மக்களுக்கும் குடியேறியோருக்குமிடையே அத்தகைய முன்னைய இணக்கம் எப்பொழுது நிலவிற்று என்னும் வினா அந்நாட்டிற் பலராலும் எழுப்பப்பட்டுள்ளது. 'மீள' என்னும் அடையைப் பெறாத எமது சொல் அவ்விடர்ப்பாட்டிலிருந்து தப்பிவிடுகின்றது. எனினும் யார் யாரோடு, எதன் பொருட்டு, எதனை விட்டுக்கொடுத்து இணங்குவது என்பன சொல்லளவில் தீர்த்துவிடக் கூடிய வினாக்களல்ல.

இவ்வினாக்களைச் சிறு பிள்ளைகளின் முன்னிலையில் எழுப்ப நேரும்பொழுது நிகழ்வது யாது என்பதே இக்கட்டுரையின் பொருள். கனடாவிலுள்ள யுனிற்றேரியன் சபைகள், எண்ணிக்கையிற் சிறியனவாயினும், பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒருங்கே வைத்து நல்லிணக்கத்தைக் கற்பிக்க முற்பட்டுள்ளன. அம்முயற்சி ஒரு குறிப்பான காரணத்தால் எமது கவனத்துக்குரியதாகின்றது. நல்லிணக்கம் பற்றிப் பேசும் ஏனைய பெருந்திருச்சபைகள் குற்றவாளிக் கூண்டில் நின்று பேசுகின்றன. யுனிற்றேரியன் சபைகளோ, கனடாவைப் பொறுத்தவரையில், அக்கூண்டுக்கு வெளியே நிற்பன. குற்றம் செய்யாதவரென்று தம்மைக் கருதுவோர் குற்றத்தின் வரலாற்றைத் தம் பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிப்பர்?

யுனிற்றேரியன் மரபைப் பற்றிச் சிறிது கூறுதல் அவசியம். திரித்துவக் கோட்பாட்டை மறுத்து இறைவன் ஒருவனே எனக் கொண்ட கிறித்தவச் சிந்தனையினின்று தோன்றிய இம்மரபு, 16ஆம் நூற்றாண்டில் திரான்சில்வேனியாவில் நிறுவன வடிவம் பெற்றது. தமிழர்க்கும் இதனோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. ஆங்கிலேயரிடம் பணியாளாயிருந்து இங்கிலாந்து சென்று மீண்ட வில்லியம் றொபேட்ஸ் என்னும் தமிழர், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிற் சென்னையில் இக்கொள்கையுடைய சபையொன்றை நிறுவினார். கனடாவில் மொன்றியலில் 1842இலும் ரொறன்ரோவில் 1845இலும் சபைகள் தோன்றின. காலப்போக்கில் வட அமெரிக்க யுனிற்றேரியன் மரபு விசுவாசப் பிரமாணம் எதனையும் வற்புறுத்தாததாயிற்று. கடவுள் நம்பிக்கையுடையோரும் அற்றோரும் ஒரே சபையில் அமர்ந்து, மனித மாண்பு, நீதி முதலிய நெறிகளை ஏற்று நடப்பதே அதன் இன்றைய இயல்பு. ஆகவே ஒரு பிள்ளை எதனை நம்ப வேண்டும் என்று கற்பிப்பது அங்கு முதன்மையன்று; எவ்வாறு வாழ வேண்டும், எதனை வினாவ வேண்டும் என்பதே முதன்மை. சபைகள் பலவற்றிற் பிள்ளைகள் ஞாயிறு வழிபாட்டின் முற்பகுதியிற் பெரியோருடன் அமர்ந்து, எல்லா வயதினர்க்குமாகச் சொல்லப்படும் கதையைக் கேட்ட பின்னரே தம் வகுப்புகளுக்குச் செல்வர். நாம் நோக்கும் கற்றலுக்கு வாயிலாக அமைவது இக்கதைநேரமே.

இனி, கற்க வேண்டிய வரலாறு யாது? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ நூறாண்டுக்கு மேலாகக் கனேடிய அரசின் பணத்தில் திருச்சபைகளால் நடத்தப்பெற்ற வதிவிடப் பாடசாலைகளிற் சுதேச மக்களின் பிள்ளைகள் 150,000 பேரளவில் அடைக்கப்பட்டனர். மொழி தடுக்கப்பட்டது, தலைமயிர் வெட்டப்பட்டது, உடன்பிறந்தோர் பிரிக்கப்பட்டனர். 1920இற் செய்யப்பட்ட சட்டத்திருத்தம் வரவைக் கட்டாயமாக்கிற்று. இறுதிப் பாடசாலைகள் 1990களின் பிற்பகுதியிலேயே மூடப்பட்டன. இவற்றிற் பெரும்பாலானவற்றைக் கத்தோலிக்கரும், ஏனையவற்றை அங்கிலிக்கன், மெதடிஸ்த, பிரெஸ்பிற்றேரியன் சபையினரும், 1925இல் உருவான ஐக்கிய திருச்சபையினரும் நடத்தினர். உயிர்பிழைத்தோர் தொடுத்த வழக்குகளின் விளைவாக எழுந்த உடன்படிக்கையின்படி, 2008 முதல் 2015 வரை உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு, மறே சின்கிளேயரைத் தலைவராகக் கொண்டு இயங்கி, 94 செயற்பாட்டு அழைப்புகளை விடுத்தது.

அவ்வழைப்புகளை நுணுகி நோக்குவது பயனுடையது. 59ஆம் அழைப்பு, தத்தம் சபையார்க்கு இவ்வரலாற்றைக் கற்பிக்குமாறு திருச்சபைகளைக் கேட்கின்றது. ஆனால் அது உடன்படிக்கையிற் கையெழுத்திட்ட, அஃதாவது பாடசாலைகளை நடத்திய, திருச்சபைகளை நோக்கியதாகும். 48ஆம் 49ஆம் அழைப்புகளோ எல்லாச் சமயக் குழுவினரையும் விளிக்கின்றன. முன்னையது சுதேச மக்களின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் பிரகடனத்தை ஏற்கச் சொல்கின்றது. பின்னையது ஐரோப்பியர் தாம் கால்வைத்த நிலத்தைத் தமதெனக் கொள்ள நியாயங் கற்பித்த 'கண்டுபிடிப்புக் கோட்பாட்டை' நிராகரிக்கச் சொல்கின்றது. எனவே கடமையென்னும் வகையில் நோக்கின் யுனிற்றேரியன் சபைகளுக்கு இடப்பட்ட பணி, பள்ளிக்கூடத்தைப் பற்றியது மட்டுமன்று, நிலத்தைப் பற்றியதுமாகும். இந்த வேறுபாடு நடைமுறையில் எளிதில் மறக்கப்படுகின்றது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கூறுவது எளிது. நிலத்தைப் பற்றிக் கூறுவது கடினம்.

சபைகளில் இன்று பரவலாக வழங்கும் குடும்பச் செயற்பாடுகளுள் முதன்மையானது செம்மஞ்சட் சட்டை நாளாகும். செக்வெபெம் இனத்தவரான பிலிஸ் வெப்ஸ்ராட், 1973இல், ஆறு வயதில், தம் பாட்டியார் வாங்கிக் கொடுத்த செம்மஞ்சட் சட்டையுடன் பிரித்தானிய கொலம்பியாவில் வில்லியம்ஸ் லேக் நகருக்கு அண்மையிலிருந்த வதிவிடப் பாடசாலைக்குச் சென்றார். முதல் நாளே சட்டை களையப்பட்டது, திருப்பித் தரப்படவில்லை. 2013இல் அவர் சொன்ன இக்கதையிலிருந்து செப்டெம்பர் 30ஆந் தேதி ஒரு நினைவுநாளாக வளர்ந்தது. பிள்ளைகளை வீடுகளிலிருந்து கொண்டுசென்ற பருவம் செப்டெம்பராதலின் அம்மாதம் தெரிவுசெய்யப்பட்டது. 2021 முதல் அதே நாள் கனேடிய மத்திய அரசின் விடுமுறை நாளாகவும் விளங்குகின்றது.

கற்பித்தல் நோக்கில் இக்கதையின் வலிமை அதன் சிறுமையிலேயே தங்கியுள்ளது. ஆறு வயதுப் பிள்ளைக்குக் குடியேற்றவாதம் விளங்காது. புதிய சட்டை பறிபோவது விளங்கும். ஆனால் அதே சிறுமை ஆபத்துமாகும். சட்டையைப் பறித்தது யாரோ ஒரு கொடிய கன்னியாஸ்திரி என்ற அளவில் கதை நின்றுவிடின், அதனைப் பறிக்கச் சொன்ன சட்டமும் வரவுசெலவுத் திட்டமும் மறைந்துவிடும். செம்மஞ்சள் நிறம் கடைகளில் விற்கும் சட்டையாக மாறியபின் இம்மறைவு மேலும் இலகுவாகின்றது.

வேறொரு செயற்பாடு போர்வைப் பயிற்சி எனப்படுவது. சுதேச மக்கள் பற்றிய அரச ஆணைக்குழு 1996இல் வெளியிட்ட அறிக்கையை மக்களிடையே கொண்டுசெல்லும் பொருட்டு 1997இல் உருவாக்கப்பட்ட இதனைக் கைறோஸ் என்னும் கிறித்தவ நீதி அமைப்பு வளர்த்தெடுத்தது. தரையில் விரிக்கப்பட்ட போர்வைகள் நிலத்தைக் குறிப்பன. பங்குபற்றுவோர் அவற்றின்மீது நிற்பர். வரலாறு வாசிக்கப்படுகையில் உடன்படிக்கை தோறும், நோய் தோறும், சட்டம் தோறும் போர்வைகள் மடிக்கப்படும், ஆட்கள் வெளியேற்றப்படுவர், இறுதியில் ஒரு சிலரே சிறு துண்டுகளின்மீது நெருங்கி நிற்பர். அதன்பின் வட்டமாக அமர்ந்து ஒவ்வொருவரும் தாம் உணர்ந்ததைக் கூறுவர். மேலே நாம் குறிப்பிட்ட நிலப் பிரச்சினையை உடலால் உணரச் செய்யும் உத்தி இதனினும் சிறந்தது வேறில்லை எனலாம். குடும்பமாகப் பங்குபற்றும்போது இதற்கு இன்னொரு பரிமாணம் சேர்கின்றது. தன் தாய் போர்வையை விட்டு அகன்று சுவரோரம் நிற்பதைக் காணும் பிள்ளை கேட்கும் வினாவுக்கு நூல்களில் விடை தேட முடியாது. தாயே விடை கூற வேண்டும்.

பெற்றோரும் மாணவராயிருப்பதே இக்குடும்பவழிக் கற்றலின் சிறப்பியல்பாகும். இன்று பெற்றோராயுள்ள கனேடியரிற் பெரும்பாலோர் தம் பாடசாலைக் காலத்தில் வதிவிடப் பாடசாலைகளைப் பற்றி ஏதும் கற்றிலர். பாடநூல்கள் மௌனஞ் சாதித்தன. ஆகவே தாம் அறிந்ததைப் பிள்ளைக்குச் சொல்லுதல் என்னும் வழமையான உறவு இங்கு குலைகின்றது. பல வேளைகளிற் பிள்ளை பாடசாலையிற் கேட்டறிந்ததைப் பெற்றோர் சபையில் முதன்முறையாக அறிய நேர்கின்றது. ஆசிரிய அதிகாரத்தைப் பெரிதும் போற்றும் எமது கல்வி மரபில் இதனை ஒரு குறையாகக் கருதுவோர் இருப்பர். யுனிற்றேரியன் மரபு இதனைக் குறையாகக் கொள்வதில்லை. வில்லியம் எல்லறி சானிங் 1837இலேயே, சமயக் கல்வியின் நோக்கம் மூத்தோரின் கருத்துகளை இளையோர் உள்ளத்திற் பதிப்பதன்று, அவர்தம் சிந்தனையைத் தூண்டுவதே என்னும் கருத்தை முன்வைத்தார். 20ஆம் நூற்றாண்டிற் சோபியா லயன் பாஸ் அக்கருத்துக்குப் பாடத்திட்ட வடிவம் கொடுத்தார்.

பாஸ் அம்மையாரின் மரபில் வந்த பாடத்திட்டங்களுள் ஒன்று பிள்ளைகளை அயலவரின் வழிபாட்டிடங்களுக்கு அழைத்துச் செல்வது. பள்ளிவாசல், யூத ஆலயம், இந்துக் கோயில் ஆகியவற்றைக் கண்டு திரும்பும் பிள்ளை பிறர் சமயத்தை மதிக்கக் கற்கும் என்பது அதன் அடிப்படை. இதன் நன்மையை மறுப்பார் இலர். ஆனால் இதே முறையைச் சுதேச மக்களின் சடங்குகளுக்குப் பொருத்த முயலும்பொழுது இடறல் ஏற்படுகின்றது. புனித மூலிகைகளைப் புகைத்துத் தூய்மை செய்யும் சடங்கு, மத்தளம், கனவுவலை ஆகியன கைவேலை வகுப்பின் பண்டங்களாகிவிடுகின்றன. இச்சடங்குகளிற் சிலவற்றைக் கனேடிய அரசு 1885 முதல் 1951 வரை சட்டத்தாற் குற்றமாக்கியிருந்தது. அவற்றைச் செய்தமைக்காக ஒரு தலைமுறை சிறைசென்றிருக்க, வேறொரு தலைமுறை ஞாயிறு காலையிற் பசையும் நூலுங் கொண்டு அவற்றின் போலிகளைச் செய்து மகிழ்வது நல்லிணக்கமாகாது. எல்லாச் சமயங்களும் எமக்குரியனவே என்னும் பரந்த மனப்பான்மைக்கும் பிறர் பொருளைக் கேளாது எடுத்துக்கொள்ளும் மனப்பான்மைக்குமிடையே உள்ள தொலைவு நாம் எண்ணுவதிலும் குறைவே. சடங்கை நடத்தச் சுதேச மூத்தோரை அழைத்தல், அவர் உழைப்புக்குரிய மதிப்பளித்தல், அழைக்க இயலாதவிடத்து அச்சடங்கைச் செய்யாதுவிடல் என்பனவே ஏற்கத்தக்க வழியாகும்.

பிள்ளைகளுக்கு எவ்வளவு சொல்வது என்னும் சிக்கலும் உண்டு. சுதேச எழுத்தாளர்கள் இதற்கு நல்ல விடைகளைத் தந்துள்ளனர். நிக்கொலா கம்பெல் 2005இல் வெளியிட்ட 'ஷி-ஷி-எற்கோ' என்னும் படக்கதை, பாடசாலைக்குக் கொண்டுசெல்லப்படுமுன் ஒரு சிறுமிக்கு எஞ்சியுள்ள நான்கு நாட்களைச் சொல்வது. தாயும் தந்தையும் பாட்டியும் ஒவ்வொருவராக அவளுக்கு நிலத்தையும் நீரையும் மரங்களையும் நினைவிற் பதித்துக்கொள்ளச் சொல்கின்றனர். கதை பாடசாலையின் உள்ளே செல்வதில்லை. கொடுமையைக் காட்டாமலே இழப்பின் அளவைக் காட்டும் இவ்வமைப்புச் சிறுவருக்கு ஏற்றது. டேவிட் றொபேட்சனின் நூலொன்றில் (2016) பேத்தி, பாட்டியிடம் ஏன் பல வண்ண உடைகளை அணிகிறாய், ஏன் கூந்தலை நீள வளர்க்கிறாய் என வினவுகின்றாள். பாட்டியின் இன்றைய வாழ்வின் ஒவ்வொரு வழக்கமும் அன்று பறிக்கப்பட்ட ஒன்றின் மீட்பாக விளங்குகின்றது. இரண்டு நூல்களிலும் சுதேசக் குடும்பம் இரங்கத்தக்க பொருளாயன்றி, அறிவைக் கையளிக்கும் நிறுவனமாகத் தோன்றுவது குறிப்பிடத்தக்கது. அரசு உடைக்க முயன்றது அந்த நிறுவனத்தையேயாதலின், வேறு குடும்பங்கள் ஒன்றாயமர்ந்து இவற்றை வாசிப்பதிற் பொருத்தமுண்டு.

இனி மேலே எழுப்பிய வினாவுக்கு வருவோம். கனடாவின் வதிவிடப் பாடசாலைகளில் ஒன்றையேனும் யுனிற்றேரியன் சபை நடத்தவில்லை என்பது உண்மை. ஆயின் அதனைக் கொள்கைத் தூய்மைக்குச் சான்றாகக் கொள்ளலாமா? எல்லைக்கு அப்பாலுள்ள வரலாறு வேறொன்றைக் கூறுகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் சனாதிபதி கிறான்ற் 1870களிற் சுதேச மக்களின் நிருவாகத்தைச் சமய நிறுவனங்களிடையே பங்கிட்டபொழுது, கொலறாடோ மாநிலத்து யூற் மக்களின் முகவரகங்களுக்கு ஆள் நியமிக்கும் பொறுப்பு அமெரிக்க யுனிற்றேரியன் சங்கத்துக்குக் கிடைத்தது. அச்சங்கம் அதனை மறுக்கவில்லை. பின்னர் 1886இல் மொன்ரானாவில் ஹென்றி பொண்ட் என்னும் யுனிற்றேரியன் குருவும் அவர் மனைவியாரும் குறோ இனப் பிள்ளைகளுக்கான கைத்தொழிற் பாடசாலையொன்றைச் சங்கத்தின் ஆதரவுடன் தொடங்கினர். ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் அது இயங்கிற்று. பிள்ளையைக் குடும்பத்தினின்றும் மொழியினின்றும் அகற்றி 'நாகரிகமாக்கல்' என்னும் கொள்கையில் அது ஏனையவற்றிலிருந்து வேறுபட்டதன்று.

கனேடிய யுனிற்றேரியன் சபைகள் அவ்வமெரிக்கச் சங்கத்தோடும், 1961இல் அதன் வழித்தோன்றலாக அமைந்த யுனிற்றேரியன் யுனிவர்சலிஸ்ற் சங்கத்தோடும் நெடுங்காலம் நிறுவனத் தொடர்புடையன. 2002இலேயே கனேடியப் பேரவை பெரும்பாலான பணிகளைத் தன் கையில் எடுத்துத் தனித்தியங்கலாயிற்று. ஆகவே மொன்ரானாப் பாடசாலை அயலார் வரலாறன்று, குடும்ப வரலாறே. கனடாவில் அச்சபை பாடசாலை நடத்தாமைக்கு அதன் சிறுமையும் வசதியின்மையும் காரணமாயிருக்கலாம் என்பதே எமது கருத்து. அக்காலத் தாராளவாதிகள் முன்னேற்றம், கல்வி, பகுத்தறிவு என்பவற்றில் வைத்த நம்பிக்கையே சுதேசப் பிள்ளையைப் 'பின்தங்கியவர்' என வகுத்தது. முற்போக்கென்று தன்னைக் கருதும் எம்மரபும் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது. 2012இல் அமெரிக்கச் சங்கத்தின் பொதுச்சபை கண்டுபிடிப்புக் கோட்பாட்டை நிராகரித்தது. வத்திக்கான் அதனைச் செய்தது 2023இல். கனேடியப் பேரவை 2021இல் இனவாத எதிர்ப்பைத் தன் எட்டாவது நெறியாகச் சேர்த்தது. இத்தீர்மானங்கள் வேண்டப்படுவனவே. எனினும் பிள்ளைகளுக்கான கதைநேரத்தில் செம்மஞ்சட் சட்டை சொல்லப்படும் அளவுக்கு மொன்ரானா சொல்லப்படுமாயின், கற்றலின் தன்மையே மாறும். பிறர் செய்த தீமைக்கு இரங்குதல் ஒன்று; நல்லது செய்வதாக நம்பிய எம் முன்னோர் செய்த தீமையை அறிதல் வேறொன்று. இரண்டாவதே பிள்ளையைத் தன் காலத்து நல்லெண்ணங்களையும் ஐயுறச் செய்வது.

நல்லெண்ணத்துக்கு அப்பாற் செல்லும் செயல் எது என்பதற்கு, குழந்தைகளே பங்குகொண்ட ஓர் உதாரணம் உண்டு. சுதேசப் பிள்ளைகளுக்கான நலச்சேவைகளுக்கு மத்திய அரசு குறைந்த நிதி வழங்குவது இனப்பாகுபாடெனச் சின்டி பிளக்ஸ்ரொக் தலைமையிலான சிறுவர் நல அமைப்பும் முதற்குடிகள் பேரவையும் 2007இல் மனித உரிமை முறைப்பாடு செய்தன. விசாரணை நடந்த மண்டபத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் அணியணியாக வந்து சாட்சியாக அமர்ந்தனர். கரடிப் பொம்மையொன்றும் அவர்களோடு அமர்ந்தது. அதுவே இன்று பிள்ளைகளிடையே பெயர்பெற்ற ஆவிக்கரடி. 2016 சனவரியில் நியாயசபை பாகுபாட்டை உறுதிசெய்தது. நட்டஈடாக 2,334 கோடி கனேடிய டொலரை வழங்கும் தீர்வு 2023இல் நீதிமன்ற அங்கீகாரம் பெற்றது. ஒவ்வோராண்டும் பெப்ரவரி 14இல் பிள்ளைகள் பிரதமருக்கும் பாராளுமன்ற உறுப்பினருக்கும் கடிதம் எழுதும் வழக்கமும் இவ்வியக்கத்தோடு ஒட்டியது. குடும்பமாக அமர்ந்து எழுதும் இக்கடிதத்துக்குப் பதில் வரலாம், வராமலும் போகலாம். ஆயினும் பிள்ளை அதன்மூலம் அரசு என்பது முகவரியுடையதென அறிகின்றது. மரச்சில்லுகளில் இறந்த பிள்ளைகளின் நினைவாகச் சித்திரந் தீட்டும் செயற்றிட்டமொன்றும் 2007இல் ஒட்டாவாவில் ஓர் ஆசிரியையாற் தொடங்கப்பட்டுப் பரவியுள்ளது. அதிலும் சித்திரத்தோடு பணி முடிவதில்லை. சமூக நீதிக்கான செயலொன்று அதன் பகுதியாக வற்புறுத்தப்படுகின்றது.

நிலத்தைப் பொறுத்தவரையில் முன்னேற்றம் மந்தமானதே. வழிபாட்டின் தொடக்கத்தில், தாம் கூடியுள்ள நிலம் எந்த இனத்தாருடையது என்று அறிவிக்கும் வழக்கம் சபைகளிற் பரவியுள்ளது. அவ்வறிவிப்பைப் பிள்ளைகள் வாசிப்பதும் உண்டு. ரொறன்ரோ நகர நிலம் 1787ஆம், 1805ஆம் ஆண்டுகளில் மிசிசாகா மக்களிடமிருந்து 'வாங்கப்பட்ட' முறை நியாயமற்றதென்னும் கோரிக்கை, 2010இல் ஏறத்தாழ 14.5 கோடி டொலர் நட்டஈட்டுடன் தீர்க்கப்பட்டது. இவ்வெண்ணை அறிவிப்போடு சேர்த்துச் சொல்லும்பொழுதே அது சடங்கிலிருந்து வரலாறாகின்றது. இங்கு ஒன்று கூறாதிருக்க முடியவில்லை. 1983இன் பின்னர் எம்மவர் பெருந்தொகையாகச் சென்று வீடு வாங்கிக் குடியமர்ந்ததும் அந்த நிலத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலுமே. நிலமிழந்து சென்றோர் நிலமிழந்தோரின் நிலத்தில் வாழ்கின்றனர். எம்மவர் பிள்ளைகளும் செப்டெம்பர் 30இற் செம்மஞ்சட் சட்டை அணிந்து பாடசாலை செல்கின்றனர். வீடு திரும்பிய அவர்களிடம் பெற்றோர் என்ன கேட்கின்றனர் என்பது தனியே ஆராயத்தக்கது.

ஒட்டாவாவிலுள்ள பீச்வுட் மயானம் இத்தகைய கற்றலுக்கு வாய்ப்பான இடம். பாடசாலை முறையைப் பரிந்துரைத்த 1879ஆம் ஆண்டு அறிக்கையை எழுதிய நிக்கலஸ் பிளட் டேவின், அம்முறையைப் பல்லாண்டுக் காலம் நிருவகித்த டங்கன் கம்பெல் ஸ்கொற், அதனைக் கண்டித்த மருத்துவர் பீற்றர் பிறைஸ் ஆகிய மூவரும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். பதினைந்து பாடசாலைகளின் மாணவருள் ஏறத்தாழ நான்கிலொரு பங்கினர் இறந்தமையை 1907இல் பிறைஸ் வெளிப்படுத்தினார். அரசு செவிசாய்க்காமையால் 1922இல் அதனைத் தேசியக் குற்றம் எனத் தலைப்பிட்டுத் தாமே நூலாக்கினார். மூன்று கல்லறைகளையும் ஒரு முற்பகலில் நடந்து பார்க்கலாம். ஸ்கொற் நெடுங்காலம் கவிஞராகவே நினைவுகூரப்பட்டார். 2015இல் அவர் கல்லறையருகே நாட்டப்பட்ட புதிய பலகை, அவருடைய கவிதையோடு வதிவிடப் பாடசாலைகளில் அவர் வகித்த பங்கினையும் கூறுகின்றது.